வாசலுக்குக் கொண்டு வாங்க

ஆனித் தேருக்கு முந்தின செவ்வாய்.
ஜங்ஷன் மேம்பாலத்துக்குக் கீழே
ஏசி ஓடும் கடைக்குள் நுழைந்ததும்
"உக்காருங்கக்கா" என்று
ஸ்டூலை இழுத்துப் போட்டான் மசூது.
சட்டையில் பெயர் குத்தியிருந்தது.
நான் உட்காரவில்லை.
பழக்கம் இல்லை.

இரண்டு வருஷம் ஏழு மாசம்
வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை இரண்டாம் மாடியில்
நின்றே கழித்தவள்.
பட்டு செக்‌ஷன் அல்ல, பூனம் செக்‌ஷன்.
குதிகால் வீங்கிய மாலைகள்
சீட்டுக் கட்டிச் சேர்ந்து
நாற்பத்தோராயிரத்து இருநூறாய்
பர்ஸின் உள்ஜிப்பில் இருக்கின்றன.

"யாருக்குக்கா, தம்பிக்கா?"
"எனக்கு. எம்.எஸ்ஸி. புள்ளியியல். அபிஷேகப்பட்டி."
அவன் குரல் ஒரு படி இறங்கி
மறுபடி ஏறியது.
அந்தப் படியை எனக்குத் தெரியும்.

முதலில் வந்தது வெள்ளி நிறம்.
விரல் பட்டால் தடம் விழும் மினுமினுப்பு.
சாவிகளுக்கு அடியில் வானவில் எரிந்தது.
"நேத்து மட்டும் நாலு பீஸ் போயிருக்கு,
இதுதான் கடைசி."
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.
கடைசிப் பீஸ் என்று நான் விரித்த சேலைகள்
அலமாரிக்குப் பின்னால் அடுக்கடுக்காய் இருந்தன.
இந்த மாசம் எதற்குக் கமிஷன் என்று
அவன் கண் போன திசையே சொல்லிற்று.
குற்றம் சொல்லவில்லை மசூது,
வாடகை உனக்கும் ஒன்றாம் தேதிதானே.

ராம் எட்டா பதினாறா,
பின்னால் கூட்ட முடியுமா
என்று நான் கேட்கக் கேட்க
அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தான்.
"கேமுக்கு சூப்பரா இருக்கும்க்கா."
லட்சம் வரிசைக் கணக்கை விழுங்கினால்
விக்காமல் இருக்குமா என்றேன்.
கோபாலசமுத்திரத்திலிருந்து இரண்டு பஸ்,
இரண்டிலும் நின்றபடி.
முழங்கையை மடக்கித் தூக்கிப் பார்த்தேன்:
வெள்ளி, ஏழு பூனம் சேலைக் கனம்.
ஓரத்தில் கிடந்த சாம்பல், நாலு.

அப்புறம்தான் சொன்னேன்,
"வாசலுக்குக் கொண்டு வாங்க."

"எதுக்குக்கா?"

கடை விளக்கை நம்பி
எவளும் சேலை எடுப்பதில்லை.
கருநீலம் என்று எடுத்தது
தெருவில் கறுப்பாகும்.
முந்தியை வெயிலில் பிடித்துப் பார்த்து
"இது வேண்டாம்" என்று திரும்பி வந்தவர்களை
மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்!

மேனேஜரைப் பார்த்தான். அவர் போனில் இருந்தார்.
ஒயரைப் பிடுங்கி, இரண்டையும்
இரு கையில் ஏந்திக்கொண்டு வந்தான்.
பதினொரு மணி வெயில்.
ஆனிக் காற்று
பாலித்தீன் பைகளை விரட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளியில் எழுத்தே இல்லை.
மேம்பாலம் இருந்தது,
அதன் மேல் தென்காசி பஸ் இருந்தது,
நடுவில் என் முகம்,
பொட்டு கொஞ்சம் விலகி.
மற்றது, யாரும் கேட்காத மாடல்,
மங்கல்தான்.
ஒன்றிலிருந்து ஒன்பது வரை அடித்தேன்.
ஒன்பதும் தெரிந்தன.

"இதுல லைட்டு எரியாதேக்கா" என்றான்
கடைசியாக ஒரு தடவை.
"எரியாட்டா போவுது."

முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.
பில்லுக்குப் பெயர் கேட்டான்.
உச்சிமாகாளி என்றேன்.
விரல் ஒரு நிமிஷம் நின்று
எழுத்துக்கூட்டித் தட்டியது.
இலவசப் பை வர ஒரு வாரமாகுமாம்.
கைப்பையில் நாலாய் மடித்து வைத்திருந்தேன்
எங்கள் ஜவுளிக்கடைக் கட்டைப்பை,
மஞ்சளில் சிவப்புக் கொட்டை எழுத்து.
பெட்டி அதற்குள் பாதிக்கு நின்றது.

வாரண்டி அட்டையில் முத்திரை குத்த
யாரோ மாடிக்குப் போனார்கள்.
ஸ்டூல் அப்படியே கிடந்தது.
உட்கார்ந்தேன்.

மசூது
நின்றுகொண்டிருந்தான்.